ஸ்ட்ரிங் தியரி எதை வேணும்னாலும் சொல்லிருமா? ஸ்வாம்ப்லேண்ட் பத்தி தொண்டித் தம்பிக்கு ஒரு பதில்

தொண்டியில இருந்து பி.எஸ்சி இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, ஸ்ட்ரிங் தியரியில 1-க்கு பின்னாடி 500 சைபர் போட்ட எண்ணிக்கையில பிரபஞ்சம் வருதுங்கிறாங்க, அப்ப எதை வேணும்னாலும் அதுல இருந்து எடுத்துக்கலாம்ல, எதையுமே தடுக்காத தியரி என்ன தியரி? ஸ்வாம்ப்லேண்ட்னு ஒன்னு பேசிக்கிறாங்களே, அது இதுக்குப் பதிலா? எம்.எஸ்சி முடிச்சுட்டு இதுல போகலாமா?"

தம்பி, பார்ட்டிக்கிள் எல்லாம் அடியில அதிர்ற சின்ன இழைங்கன்னு சொல்ற ஸ்ட்ரிங் தியரி எதையும் தடுக்காதுங்கிறது தப்பு. நிறையத் தடுக்குது. ஆனா அந்தத் தடைகள் எல்லாம் ஒரே உறுதியில இல்ல, சிலது பாறை மாதிரி, சிலது இன்னும் ஆளுக்கு ஆள் சண்டை போட்டுக்கிட்டு இருக்குறது, அதைப் பிரிச்சுச் சொல்லாம மொத்தமா "ஸ்வாம்ப்லேண்ட் இப்படிச் சொல்லுது"ன்னு எழுதுறதுனாலதான் உங்களுக்கு இம்புட்டுக் குழப்பம்னு நினைக்கிறேன். பைய வருவோம்.

முதல்ல எஃபெக்டிவ் தியரின்னா என்னன்னு தெளிவாகணும். நான் மண்டபத்துக்காரன். சின்னப் பிள்ளையில தனுஷ்கோடிப் பக்கம் சொந்தக்காரங்க குடிசைக்குப் போனா தண்ணிக்கு மணல்லதான் ஊத்து தோண்டுவாங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒரு மணல் திட்டு, அதுல மூணடி தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், அத்தை சிரட்டையால மொண்டு மொண்டு குடத்துல ஊத்தும். ஆழமாத் தோண்டிறாதடா, உப்பு வந்துரும்னு சொல்லும். அந்தத் தண்ணியக் குடிக்கிறதுக்கு அடியில கடல் தண்ணி எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. இயற்பியல்லயும் அப்படித்தான், நாம பாக்குற எனர்ஜிக்கு மேல என்னென்ன கனமான பார்ட்டிக்கிள் இருந்தாலும் அதோட விளைவு பூராம் ரெண்டு மூணு மாறிலிக்குள்ள அடங்கிரும், நாம போடுற கணக்கு தன்னால ஓடும். அதுதான் எஃபெக்டிவ் தியரி.

இதுக்கு நல்ல உதாரணம் என்ரிக்கோ ஃபெர்மி 1934-ல பீட்டா சிதைவுக்கு எழுதுன தியரி. நாலு பார்ட்டிக்கிள் ஒரே புள்ளியில சந்திக்குதுன்னு எழுதுனாரு, ரேடியோ ஆக்டிவ் கணக்குக்கு அது போதுமா இருந்துச்சு. ஆனா சில நூறு ஜிஇவி (பார்ட்டிக்கிள் எனர்ஜிய அளக்குற அலகு, எடையையும் இதுலயே சொல்லுவாங்க) எனர்ஜிக்குக் கொண்டு போனா நிகழ்தகவு ஒன்னைத் தாண்டுற மாதிரி விடை வரும், அது நடக்கவே முடியாது. அதாவது, அந்த இடத்துக்குள்ள புதுசா ஒன்னு வந்தே ஆகணும்னு தியரியே கையக் காட்டுது. 1983-ல ஜெனீவா பக்கம் சர்ன் ஆய்வகத்துல பீட்டா சிதைவை நடத்துற டபிள்யூ போசான் கிடைச்சது, எடை சுமார் 80 ஜிஇவி. கனமான சங்கதி கண்ணுக்குத் தெரியாம இருந்தாலும் நம்ம கையில உள்ள தியரியில அதோட தடம் இருக்கும், அதைப் படிக்கத் தெரியணும், அம்புட்டுதான்.

ஈர்ப்பு விசைக்கும் இதே கதைதான், நியூட்டன் மாறிலியும் ஃபெர்மி மாறிலி மாதிரி எனர்ஜி வர்க்கத்துக்குத் தலைகீழான ஒன்னு. உடையிற இடம் மட்டும் எங்கேயோ இருக்கு, பிளாங்க் எனர்ஜி, 1-க்கு பின்னாடி 19 சைபர் போட்ட ஜிஇவி. இன்னைக்கு உலகத்துல பெரிய பார்ட்டிக்கிள் மோதல் மெஷின் எல்ஹெச்சி மோத விடுறது 13,600 ஜிஇவி. கிட்டத்தட்ட பத்து கோடி கோடி மடங்கு வித்தியாசம். அதுனால ரொம்ப நாளா எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா, குவாண்டம் கிராவிட்டி, அதாவது ஈர்ப்புக்கான குவாண்டம் தியரி, அங்கிட்டு கிடக்கட்டும், நாம இங்கிட்டு நமக்குப் பிடிச்ச பார்ட்டிக்கிள், பிடிச்ச விசை எல்லாம் போட்டு தியரி எழுதி, கடைசியில ஐன்ஸ்டீன் சமன்பாட்டைச் சேத்து ஒட்டிக்கிட்டா போதும்னு.

இங்கதான் சிக்கல். மணல் ஊத்துக்கே திரும்ப வாங்க, அதுல ஒரு கணக்கு இருக்கு. கடல் தண்ணி நல்ல தண்ணிய விட நாப்பதுல ஒரு பங்கு கனம் ஜாஸ்தி, அதுனால கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா கீழ சுமாரா நாப்பது அடி வரைக்கும்தான் நல்ல தண்ணி மிதக்க முடியும். யாராவது வந்து "எங்க திட்டுல மேல ஒரு அடிதான், ஆனா கீழ நானூறு அடிக்கு நல்ல தண்ணி இருக்கு"ன்னா மேலாகப் பாக்குறவங்களுக்கு அதுல தப்பு தெரியாது, ஆனா கீழ இருக்குற கடல் அதை அனுமதிக்காது. எஃபெக்டிவ் தியரியில கிராவிட்டி பண்றது இதே வேலைதான். மேல எழுதுன தியரி தன்னளவுல முரண் இல்லாம இருக்கும், ஆனா அடியில எந்தக் குவாண்டம் கிராவிட்டியும் அதைத் தாங்காது. அந்த மாதிரி தியரிகளுக்கு கும்ருன் வாஃபா 2005-ல வச்ச பேருதான் ஸ்வாம்ப்லேண்ட், சதுப்பு நிலம். காரங்காடு உங்க ஊருக்குப் பக்கம்தானே, அலையாத்திக் காட்டு ஓரத்துல சேறு காஞ்சு பொருக்கு தட்டி தரை மாதிரியே கிடக்கும், காலை வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கிரும். தரை எது சேறு எதுன்னு மேல நின்னே கண்டுபிடிக்கிற வழிதான் இவங்க தேடுறது.

மத்த விசைக்கு இல்லாத இந்தக் குணம் கிராவிட்டிக்கு மட்டும் ஏன் வருதுன்னு கேட்டா, கருந்துளைதான் காரணம். சாதாரணமா எனர்ஜியக் கூட்டக் கூட்ட இன்னும் சின்னத் தூரத்தைப் பாக்கலாம். பிளாங்க் எனர்ஜியத் தாண்டுனா மோதுற இடத்துல கருந்துளை உண்டாகும், இன்னும் எனர்ஜி போட்டா கருந்துளை இன்னும் பெருசாகும், அதாவது சின்னதைப் பாக்கப் போன ஆளுக்கு பெருசுதான் தெரியும். பெரிய கருந்துளைய விவரிக்கிறது நம்ம சாதாரண, குறைஞ்ச எனர்ஜித் தியரிதான். அதுனால மேல் கீழ்னு தனித்தனியாப் பிரிச்சு வைக்க கிராவிட்டி விடுறதில்ல.

இப்ப தடைகளுக்கு வருவோம். நான் ரொம்ப உறுதின்னு நினைக்கிறது, குவாண்டம் கிராவிட்டியில குளோபல் சிமெட்ரி, அதாவது வெளியில புலம் இல்லாம ஒரு எண்ணிக்கைய மட்டும் மாறாமக் காக்குற சமச்சீர், எதுவும் முழுசா இருக்க முடியாதுங்கிறது. எலக்ட்ரிக் சார்ஜை கருந்துளைக்குள்ள போட்டா வெளியில மின்புலம் இருக்கும், காஸ் விதி போட்டு உள்ள எம்புட்டு சார்ஜ்னு வெளியில இருந்தே எண்ணிறலாம், அப்படிப் புலத்தோட வர்றதுதான் கேஜ் சிமெட்ரி. ஆனா பேரியான் எண்ணிக்கை (புரோட்டான், நியூட்ரான் கணக்கு) மாதிரி ஒன்னுக்கு வெளியில புலமே கிடையாது. ஒரு நட்சத்திரத்தைப் போட்டாலும் அதே எடையில ஆன்டிமேட்டர் நட்சத்திரத்தைப் போட்டாலும் வர்ற கருந்துளை ஒன்னுதான். ஹாக்கிங் 1974-ல சொன்ன மாதிரி அது பைய ஆவியாகிப் போறப்ப வெளிய வர்ற வெப்பத்துக்கு உள்ள எது விழுந்துச்சுங்கிற ஞாபகம் கிடையாது, அப்ப எண்ணிக்கை தொலைஞ்சு போச்சு. இல்ல, தொலையக் கூடாதுன்னு பிடிவாதம் பிடிச்சா, கடைசியில மிஞ்சுற பிளாங்க் எடைத் துண்டுக்குள்ள ஒன்னுல இருந்து முடிவில்லாத வரைக்கும் எந்த எண்ணிக்கையும் ஒளிஞ்சிருக்கணும், ஆனா பெக்கன்ஸ்டைன் கணக்குப்படி அந்த அளவுத் துண்டுக்கு நிலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டதுதான். ஒத்து வராது. ஸ்ட்ரிங் தியரிக்குள்ள இதை பேங்க்ஸ், டிக்சன் ரெண்டு பேரும் 1988-லயே காட்டிட்டாங்க, 2018-ல டேனியல் ஹார்லோ, ஹிரோசி ஊகுரி ரெண்டு பேரும் ஏடிஎஸ்-சிஎஃப்டி (ஈர்ப்பு உள்ள ஒரு உலகத்தை அதோட எல்லையில உள்ள ஈர்ப்பில்லாத தியரியா எழுதுற முறை) சட்டகத்துக்குள்ள நிரூபணமாவே எழுதுனாங்க. இதோட ஒரு விளைவு, வேற ஏதாவது கேஜ் சிமெட்ரி காவலுக்கு நிக்கலைன்னா புரோட்டான் என்னைக்காவது சிதையணும். ஜப்பான்ல சூப்பர் காமியோகாண்டேல 50,000 டன் தண்ணிய வச்சுக்கிட்டு அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க, இதுவரைக்கும் ஒன்னும் சிக்கல, முக்கியமான ஒரு சிதைவு வழிக்கு ஆயுசு 1-க்கு பின்னாடி 34 சைபர் போட்ட வருஷத்துக்கும் மேலன்னு ஆயிருச்சு. எப்ப சிதையும்னு ஸ்வாம்ப்லேண்ட் சொல்லாது, அதையும் ஒத்துக்கணும்.

அடுத்தது வீக் கிராவிட்டிங்கிற கன்ஜெக்சர், அதாவது ஊகம். 2006-ல அர்க்கானி-ஹமேத், மோட்டல், நிக்கோலிஸ், வாஃபா நாலு பேரும் எழுதுனது. எலக்ட்ரோமேக்னட்டிசம் மாதிரி ஒரு விசை இருந்தா, அந்த விசையில தள்ளிக்கிறது ஈர்ப்புல இழுத்துக்கிறதை விடக் கம்மியாகாத ஒரு பார்ட்டிக்கிளாவது இருந்தே தீரணும். ரெண்டு எலக்ட்ரானை எடுத்தா தள்ளுறது இழுக்குறதை விட 4-க்கு பின்னாடி 42 சைபர் மடங்கு பெருசு, நம்ம உலகம் ரொம்பச் சௌகரியமா பாஸ் ஆகுது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, சார்ஜோட அளவைக் குறைச்சுக்கிட்டே சைபருக்குக் கொண்டு போனா கேஜ் சிமெட்ரி குளோபல் சிமெட்ரியா மாறிரும், அது கூடாதுன்னு மேலயே பாத்தோம், அப்ப குறைக்கக் குறைக்க ஏதோ ஒன்னு தடுக்கணும்ல, வீக் கிராவிட்டி அதைத்தான் அளவோட சொல்லுது: சார்ஜைக் குறைச்சா, தியரி உடையிற எனர்ஜியும் கூடவே கீழ இறங்கி வரும். இதுக்கு முழு நிரூபணம் கிடையாது, ஆனா பார்த்த ஸ்ட்ரிங் உதாரணம் எல்லாத்துலயும் நிக்குது.

உங்க முதல் கேள்விக்கு நேரடியான பதில் பத்து பரிமாண சூப்பர் கிராவிட்டியில (ஈர்ப்போட சூப்பர்சிமெட்ரி, அதாவது விசைத் துகளையும் பொருள் துகளையும் ஜோடி சேக்குற சமச்சீர், சேந்த தியரி) இருக்கு, இதை யாரும் சரியாச் சொல்றதில்ல, அதுனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 1984-ல மைக்கேல் கிரீனும் ஜான் ஷ்வார்ட்ஸும் அனாமலின்னு ஒரு குவாண்டம் முரணைக் கணக்குப் போட்டாங்க. கேஜ் குரூப், அதாவது விசைகளோட சமச்சீர்க் கூட்டம், எதை வேணும்னாலும் போட முடியாது, அதோட ஜெனரேட்டர் (அடிப்படை அசைவுகள்) சரியா 496 இருந்தாத்தான் முரண் தீரும்னு வந்துச்சு. 496 மட்டும் போதாது, இன்னும் நிபந்தனை இருக்கு, எல்லாம் போக மிஞ்சுனது நாலே நாலு. எஸ்ஓ 32, ஈ8, யூ1 எல்லாம் குரூப்புகளோட கணிதப் பேரு. எஸ்ஓ 32 ஒன்னு, ஈ8 ரெண்டு சேந்தது ஒன்னு, ஒரு ஈ8-ஓட 248 யூ1 சேந்தது ஒன்னு, 496-ம் யூ1-ஆவே இருக்குறது ஒன்னு. முதல் ரெண்டுக்கும் ஸ்ட்ரிங் தியரி இருக்கு, எஸ்ஓ 32 அப்பவே தெரிஞ்சது, ஈ8 ரெண்டு சேந்ததுக்கு 1985 வாக்குல ஹெட்டராட்டிக் ஸ்ட்ரிங் கிடைச்சது. மீதி ரெண்டுக்கும் எவ்வளவு தேடியும் ஸ்ட்ரிங் கிடைக்கல. அப்ப எல்லாருக்கும் வந்த சந்தேகம், தியரி சரியாத்தான் இருக்கு, ஸ்ட்ரிங்தான் பத்தலையோன்னு. 25 வருஷம் கழிச்சு 2010-ல ஆலன் ஆடம்ஸ், ஆலிவர் டிவுல்ஃப், வாஷிங்டன் டெய்லர் மூணு பேரும் ஸ்ட்ரிங் பேச்சே எடுக்காம, சூப்பர்சிமெட்ரியும் அனாமலியும் மட்டும் வச்சு, அந்த மீதி ரெண்டும் உள்ளுக்குள்ளயே முரண்னு காட்டிட்டாங்க. அதாவது ஸ்ட்ரிங் எதைத் தரலையோ அது இருக்கவே முடியாததா இருந்துச்சு. நான் இதை முதல் தடவ படிச்சப்ப ராத்திரி பூராம் தூங்கல. எதையும் தடுக்காத தியரின்னு சொல்றவங்க இந்த ஒரு உதாரணத்தைத் தாண்டிப் போகட்டும்னுதான் சொல்லுவேன்.

ஒன்பது பரிமாணத்துலயும் இதே மாதிரி, ஸ்ட்ரிங் தர்ற கேஜ் குரூப் ரேங்க் (குரூப்புக்குள்ள தனித்தனி சார்ஜ் எத்தனைங்கிற எண்) 17, 9, 1 இந்த மூணுதான். 2019, 2020-ல வந்த வேலைகள் குவாண்டம் கிராவிட்டி பத்தி பொதுவா சில விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டு அதே மூணுலதான் வந்து நின்னுச்சு.

500 சைபருக்கு வர்றேன். அந்த எண்ணிக்கை நாலு பரிமாணத்துல ஃபிளக்ஸ் (சுருண்ட பரிமாணங்களுக்குள்ள ஓடுற புலம்) வச்சு எத்தனை வெற்றிடம், அதாவது எத்தனை விதமான பிரபஞ்சம், வரலாம்னு போட்ட ஒரு மதிப்பீடு, 2015-ல வேற ஒரு வடிவத்துக்கு 2,72,000 சைபர் வரைக்கும் கூடப் போயிருச்சு. கேக்க மலைப்பாத்தான் இருக்கும். ஆனா கிராவிட்டிய ஒட்டாம எழுதக்கூடிய தியரிகள் முடிவே இல்லாதது, கேஜ் குரூப் எம்புட்டுப் பெருசாவும் போடலாம், பார்ட்டிக்கிள் எத்தனை வகை வேணும்னாலும் போடலாம். முடிவில்லாததுக்கு முன்னாடி 500 சைபரும் ஒரு எண்ணிக்கைதான். எண்ணிக்கை பெருசுங்கிறதும் எல்லாம் கிடைக்கும்ங்கிறதும் ஒன்னில்ல, கடற்கரையில மணல் எண்ண முடியாத அளவு கிடக்குதுங்கிறதுக்காக அதுல எல்லா நிறமும் இருக்கும்னு சொல்ல முடியுமா.

டிஸ்டன்ஸ் கன்ஜெக்சர்னு ஒன்னு, 2006-ல ஊகுரியும் வாஃபாவும் சொன்னது. பேரைக் கேட்டா பயமா இருக்கும், ஆனா நீங்களே போட்டுப் பாக்குற கணக்கு. அஞ்சாவது பரிமாணம் ஒரு சின்ன வட்டமா சுருண்டு கிடக்குன்னு வச்சுக்கங்க. வட்டத்தோட ஆரம் நம்ம நாலு பரிமாணத்துல ஒரு ஸ்கேலார் ஃபீல்டா (ஒவ்வொரு இடத்துலயும் ஒரே ஒரு எண் மட்டும் உள்ள புலம்) தெரியும். அந்த ஃபீல்டோட தூரத்தை ஒழுங்கா அளந்தா அது ஆரத்தோட லாகரிதமா வரும். வட்டத்தைச் சுத்தி ஓடுற அலைகள் ஒன்னு ரெண்டு மூணுன்னு ஏணிப்படி மாதிரி எடையோட வரும், ஆரம் பெருசாக ஆக அந்த ஏணி பூராம் லேசாகும். ரெண்டையும் சேத்தா, ஃபீல்டு நகர நகர ஏணி மொத்தமும் எக்ஸ்பொனென்ஷியலாக் கீழ இறங்குது. ஆரத்தைச் சின்னதாக்கித் தப்பிக்கலாம்னு பாத்தா ஸ்ட்ரிங் தியரியில வட்டத்தைச் சுத்திக்கிட்ட ஸ்ட்ரிங் லேசாகும், அந்தப் பக்கமும் ஒரு ஏணி இறங்குது. எந்தப் பக்கம் ரொம்ப தூரம் போனாலும் பழைய தியரி உடைஞ்சு புது தியரி வருதுங்கிறதுதான் சங்கதி. பிரபஞ்சத்தோட ஆரம்பத்துல இன்ஃபிளேஷன் (திடீர் வீக்கம்) நடந்தப்ப ஃபீல்டு ரொம்ப தூரம் உருண்டுச்சுன்னு சொல்ற மாடல்களுக்கு இது நேரா இடிக்குது. அந்த மாதிரி மாடல்ல ஈர்ப்பு அலைத் தடம் பெருசா வரணும், தென் துருவத்துல பைசெப்-கெக் டெலஸ்கோப் 2021-ல அந்தத் தடத்துக்கும் அடர்த்தி ஏத்த இறக்கத்துக்கும் உள்ள விகிதம் 0.036-க்குக் கீழதான்னு சொல்லிருச்சு. அதை வச்சு கன்ஜெக்சர் ஜெயிச்சிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா திசை ஒத்துப் போகுது.

சண்டை நடக்குற இடம் டி சிட்டர், அதாவது பாசிட்டிவ் வெற்றிட எனர்ஜியால விரியிற பிரபஞ்சம். பிரபஞ்சம் விரியிற வேகம் கூடிக்கிட்டே போகுதுன்னு 1998-ல சூப்பர்நோவா பாத்துக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு நேரான விளக்கம் மாறாத ஒரு வெற்றிட எனர்ஜி. ஸ்ட்ரிங் தியரியில அதை எப்படிக் கட்டுறதுன்னு 2003-ல கச்ரு, காலோஷ், லிண்டே, மும்பை டாடா நிறுவனத்துல இருந்த சந்தீப் திரிவேதி நாலு பேரும் ஒரு வழி சொன்னாங்க. 15 வருஷம் கழிச்சு 2018-ல ஓபியத், ஊகுரி, ஸ்போடினைகோ, வாஃபா, அப்படி நிலையா நிக்கிற பாசிட்டிவ் வெற்றிடமே முடியாது, பொட்டென்ஷியல் (ஃபீல்டோட எனர்ஜி மேடு பள்ளம்) எப்பவும் சரிவாத்தான் இருக்கணும்னு சொன்னாங்க. உடனே ஹிக்ஸ் பொட்டென்ஷியல் உச்சியில சரிவே இல்லையே, அங்க என்ன பண்றதுன்னு எதிர்ப்பு வந்துச்சு, சுமித் கார்க், சேத்தன் கிருஷ்ணன் ரெண்டு பேரும் அதே வருஷம் சொன்ன திருத்தம் மாதிரி, ஒன்னு சரிவா இருக்கணும், இல்ல உருண்டு விழற உச்சியா இருக்கணும்னு நிபந்தனைய மாத்திக்கிட்டாங்க. இது ரொம்ப தைரியமான பேச்சு. என் சொந்தக் கருத்து, இதுக்கான ஆதாரம் மத்ததை விட ரொம்ப மெலிசு, உதாரணம் கிடைக்கலைங்கிறதை வச்சு இல்லவே இல்லைன்னு சொல்ற பக்கம் சாயுது. அதே சமயம் 2003 வழியில இருக்குற ஒவ்வொரு படியும் சரியான்னு எல்லாரும் மறுபடி உக்காந்து பாக்க வச்சதே இதுதான், அந்த நன்மைய மறுக்க முடியாது.

இங்க வானமே வந்து பேச ஆரம்பிச்சிருக்கு. அரிசோனாவுல இருந்து டெசி கருவி சுமார் 1.5 கோடி கேலக்ஸி, குவேசார் அளந்து 2025 மார்ச்ல சொன்ன முடிவுல டார்க் எனர்ஜி, அதாவது விரிவை வேகப்படுத்துற அந்த எனர்ஜி, காலத்தோட மாறலாம்னு ஒரு சாடை தெரியுது, சேத்துக்கிற சூப்பர்நோவா டேட்டாவைப் பொறுத்து 2.8-ல இருந்து 4.2 சிக்மா (தற்செயல் இல்லைங்கிற உறுதியோட அளவு). கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 வேணும். ஸ்வாம்ப்லேண்ட் ஆட்கள் சிலர் "பாத்தியா, நாங்க சொன்னோம்ல"ன்னு சந்தோஷப்பட்டாங்க, ஆனா அந்த டேட்டாவுக்கு நல்லாப் பொருந்துற கோட்டுல டார்க் எனர்ஜியோட அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் பழைய காலத்துல மைனஸ் ஒன்னுக்கும் கீழ இறங்குது, சாதாரணமா உருளுற ஒரு ஃபீல்டு அப்படி இறங்காது. பொறுத்திருக்கணும்.

எனக்கு ஆசையா இருக்குறது வேற ஒரு சோதனை. 2022-ல மொன்டேரோ, வாஃபா, வலென்சுவேலா மூணு பேரும், டார்க் எனர்ஜி இம்புட்டுச் சின்னதா இருக்குறதையே டிஸ்டன்ஸ் கன்ஜெக்சர்ல வச்சுப் பாத்தா ஒரே ஒரு கூடுதல் பரிமாணம், ஒன்னுல இருந்து பத்து மைக்ரான் அளவுக்குள்ள இருக்கலாம்னு சொன்னாங்க. பிளாங்க் அளவோட ஒப்பிட்டா அது மலை. அப்படி இருந்தா அந்தத் தூரத்துல நியூட்டனோட வர்க்க விதி மாறணும். சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல முறுக்குத் தராசு வச்சு 2020-ல 52 மைக்ரான் வரைக்கும் அளந்திருக்காங்க, விதி மாறல. தலைமுடி தடிமனுக்கும் கீழ வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான். மேசை மேல வைக்கிற ஒரு கருவி இந்த யோசனையக் கொன்னுரலாம், அதுனாலதான் எனக்கு அது பிடிக்குது.

மூணாவது கேள்வி, இதுல போகலாமா. போகலாம், ஆனா நேரா ஸ்ட்ரிங் புத்தகத்துல குதிக்காதீங்க. குவாண்டம் ஃபீல்டு தியரியும் ஜெனரல் ரிலேட்டிவிட்டியும் கையால கணக்குப் போட்டுப் பழகணும், அது இல்லாம ஸ்வாம்ப்லேண்ட் பேப்பர் படிச்சா வார்த்தைதான் மிஞ்சும். எம்.எஸ்சி-க்கு ஜாம் பரீட்சை எழுதுங்க, பிஎச்டி-க்கு ஜெஸ்ட் எழுதுனா சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனம் இருக்கு, நம்ம மாவட்டத்துல இருந்து ராத்திரி ரயில் ஏறுனா காலையில அங்க இறங்கிறலாம். வீட்டுல வேலை கிடைக்குமான்னு கேப்பாங்க, நிச்சயம் இல்லைங்கிறதையும் மறைக்காம சொல்லிருங்க, ஆனா போற வழியில கத்துக்கிற கணக்கும் கம்ப்யூட்டர் வேலையும் வீணாப் போகாது.

இப்பவே தொடங்கணும்னா அந்த வட்டக் கணக்கைப் போடுங்க. அஞ்சு பரிமாண ஐன்ஸ்டீன் ஆக்ஷனை எடுத்து வட்டத்துல சுருட்டி, நாலு பரிமாணத்துல மெட்ரிக்கை மறுபடி அளவு மாத்தி, ஆரத்தோட கைனட்டிக் டெர்மைச் சரி பண்ணுனா ஏணி எடையோட எக்ஸ்பொனென்ட்ல 3/2-க்கு வர்க்கமூலம் வரணும். வராட்டி மெட்ரிக் அளவு மாத்துன இடத்துலதான் தப்பு இருக்கும், எல்லாரும் தவறுற இடம் அது. போட்ட தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாக்குறேன்.